தரிசில் ஒரு பங்குனிப் பகல்

திண்டுக்கல் சமவெளியில் வேனில் பச்சையாக வருவதில்லை. பங்குனி பிறக்கும்போது மானாவாரிக் காடுகளில் சோளத்தட்டையை அறுத்துப் போர் போட்டிருப்பார்கள். குளங்களின் உள்வாயில் மண் வெடித்துக் கிடக்கும். வேம்பும் புங்கும் பழைய இலையைக் கொட்டிவிட்டுப் புதுத் தளிர் விட்டிருக்கும். வண்டியை நிறுத்த நிழல் தேடும்போதுதான் அதுவும் கண்ணில் படுகிறது. 'வெயில் ஏறிருச்சு' என்று சொல்லி ஊர் இந்தப் பருவத்தைக் கடந்துவிடுகிறது.

நம் இலக்கணம் இப்படிக் கடந்துபோகவில்லை. தொல்காப்பியம் பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் பொழுதாக வகுத்தது. பின்பனியும் அதற்கு உரியது என்று சேர்த்துக்கொண்டது. முல்லையும் குறிஞ்சியும் வறண்டு இயல்பு திரியும்போது பாலை உண்டாகிறது என்று இளங்கோவடிகள் சொன்னார். மழை பெய்தால் முல்லையாகவும் பெய்யாவிட்டால் பாலையாகவும் மாறிக்கொண்டிருக்கும் நிலம் எது என்று கேட்டால், சிறுமலைக்கும் பழனி மலைக்கும் கரந்தமலைக்கும் நடுவே கிடக்கும் இந்தச் செம்மண்ணைத்தான் காட்டுவேன். பின்பனி முடிந்து இளவேனில் தொடங்கும் அந்தச் சில வாரங்களில், செத்துக் கிடப்பதாக நாம் நினைக்கும் காட்டில் உயிர்கள் ஆண்டின் மிக மும்முரமான வேலையில் இறங்கியிருக்கின்றன. வெயிலால் உடலைச் சூடேற்றிக்கொள்ளும் ஓணானுக்கும் பாம்புக்கும் இது இணைசேரும் காலம். வேம்பும் புங்கும் பூப்பதால் தேனீக்களுக்கும் வண்டுகளுக்கும் இது அறுவடை. பூச்சி மிகுந்தால் குஞ்சுக்கு இரை மிகும் என்பதால் உள்ளூர்ப் பறவைகள் கூடு வைக்கின்றன. குளிர்காலத்துக்கு வந்த வெளியூர்ப் பறவைகளோ கிளம்பும் முன் தின்று கொழுக்கின்றன. வருகிறவையும் போகிறவையும் ஒரே மரத்தில் உட்கார்ந்திருக்கும் இந்த நாட்களுக்கு இணையாக நம் ஊரில் வேறு பருவம் இல்லை.

அதைப் பார்க்க விடியுமுன் நத்தம் சாலையில் கிளம்பினோம். ஊரைத் தாண்டியதும் வலப்பக்கம் சிறுமலை கூடவே வருகிறது. சாணார்பட்டிக்கு முன்பே மண்பாதை ஒன்றில் இறங்கி, மலையடியை நோக்கி நடந்தோம். இன்னும் வெளிச்சம் சரியாக வரவில்லை. ஓடைக்கரைப் புதரிலிருந்து இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை வந்தது. சற்று விட்டு மறுபடி வந்தது. ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டிக் கூவுவதால் அந்தப் பெயர். பச்சை முதுகும் சிவந்த அடிவயிறும் கண்ணை ஒட்டிய கறுப்புப் பட்டையுமாக, இத்தனை நிறத்தை வைத்துக்கொண்டு சருகுக்குள் தரையில் தத்தித் திரியும் பறவை அது. குளிர்காலத்தை இங்கே கழித்துவிட்டு, மத்திய இந்தியக் காடுகளுக்கும் இமயத்தின் அடிவாரத்துக்கும் முட்டையிடப் போய்விடும். சித்திரை பாதி ஆவதற்குள் இந்த ஓடையில் அதன் குரல் இருக்காது.

வெளிச்சம் வந்ததும் சூறைக்குருவிகள் தெரிந்தன. சீமைக்கருவேல மரம் ஒன்றின் மேல் கூட்டமாக இறங்கி, ஒரே இரைச்சலோடு எழுந்து, அடுத்த மரத்துக்குப் போயின. தலையும் இறக்கையும் கறுப்பு. முதுகும் வயிறும் ரோஜா நிறம். பங்குனியில்தான் அந்த ரோஜா நிறம் நன்றாகத் துலங்கும். இனப்பெருக்கத்துக்கான உடுப்பு அது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து மத்திய ஆசியப் புல்வெளிகள் வரை அவற்றின் பிறந்த மண் பரந்திருக்கிறது. அங்கே வெட்டுக்கிளி பெருகும் நேரம் பார்த்துப் போய்ச் சேர்ந்து குஞ்சு பொரிக்க வேண்டும். திண்டுக்கல் காட்டில் இன்று தின்னும் ஒவ்வொரு பூச்சியும் அந்தப் பயணத்துக்கான எரிபொருள். அந்தப் பக்கத்து நாடுகளில் வெட்டுக்கிளியைத் தின்றழிக்கும் நண்பனாக இந்தக் குருவியை மதிக்கிறார்கள். அதே குருவியை வழியனுப்புகிற ஊர் நம்முடையது என்பதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

மலையடிக்கும் பாதைக்கும் நடுவே ஒரு தரிசு. உழவு கண்டு பல வருடம் இருக்கும். சரளைக்கல், காய்ந்த கொழுக்கட்டைப்புல், அங்கங்கே ஆவாரை, இலந்தைப் புதர், எருக்கு. அதற்குள் கால் வைத்ததும் மஞ்சள் மூக்கு ஆட்காட்டி ஒன்று கத்திக்கொண்டு எழுந்தது. எங்களைச் சுற்றிப் பறந்து, முப்பது நாற்பது அடி தள்ளி இறங்கி, குறுகுறுவென்று ஓடி, உட்காருவதுபோல் பாவனை செய்தது. அங்கே முட்டை இருக்காது. உண்மையான முட்டைகள் எங்கள் காலடிப் பக்கம், சரளையில் சிறு குழியாகப் பறித்த இடத்தில், கல்லோடு கல்லாகக் கிடக்கலாம். இந்தப் பறவை கூடு கட்டுவதே இல்லை. பெரும்பாலும் நான்கு முட்டை, திறந்த வெளியில், நேர் வெயிலில். வெயில் முட்டையை வேகவைத்துவிடாமல் இருக்கத் தாயும் தந்தையும் மாறி மாறி நின்று நிழல் தருகின்றன. அது போதாதபோது நீர் இருக்கும் இடம் தேடிப் போய் அடிவயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டைமேல் உட்காருகின்றன. குளம் வற்றிய பங்குனியில் அந்த ஈரத்துக்கு எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். போன வழியிலேயே, வைத்த அடியில் அடி வைத்துப் பின்வாங்கினோம்.

தரிசின் ஓரத்தில் கல் ஒன்றின்மேல் விசிறித்தொண்டை ஓணான் உட்கார்ந்திருந்தது. விரல் நீளத்தைவிடச் சற்றே பெரிய உடல், மண் நிறம். ஆண் ஓணான் முன்கால்களை ஊன்றித் தலையை உயர்த்தி, தொண்டைத் தோலை விரித்து மடக்கி, விரித்து மடக்கிக் காட்டியது. எங்கோ புல்லுக்குள் பெண் இருக்க வேண்டும். அல்லது எல்லை தாண்ட நினைக்கும் வேறு ஆண். இந்த ஓணான் வகையில் தமிழ்நாட்டு இனங்கள் இரண்டை 2016-இல் அறிவியலாளர்கள் புதிதாக விவரித்தபோது, ஒன்றுக்கு நம் பனையோலை விசிறியின் பெயரையும் மற்றொன்றுக்கு மருதம், நெய்தல் என்ற திணைகளின் பெயர்களையும் வைத்தார்கள். நம் காலடியில் திரியும் ஓணானுக்கு அறிவியலில் பெயர் கிடைத்துப் பத்தாண்டுதான் ஆகிறது என்றால், இந்தத் தரிசுகளை நாம் எவ்வளவு குறைவாகப் பார்த்திருக்கிறோம்!

எருக்கஞ்செடியிடம்தான் அன்று அதிக நேரம் நின்றேன். ஆள் உயரச் செடி. ஆடு கடிக்காததால் மேய்ச்சல் காட்டில் நின்று பிழைக்கிறது. பிள்ளையாருக்கு மாலை கட்டப் பறிப்பதோடு நமக்கும் அதற்கும் உள்ள உறவு முடிந்துவிடும். ஆனால் ஒரு செடியின் முன் அரைமணி நேரம் அசையாமல் நிற்க முடிந்தால், அங்கே ஒரு முழு ஊர் நடமாடுவதைப் பார்க்கலாம்.

முதலில் வந்தது கருவண்டு. கட்டை விரல் கனம், நீலம் மின்னும் கறுப்பு இறக்கை. எருக்கம்பூவின் மகரந்தம் பொடியாக உதிர்வதில்லை. இரண்டு சிறு பொதிகளாக, ஒரு கொக்கியில் கோத்து வைத்திருக்கிறது செடி. தேன் குடிக்க வரும் வண்டின் காலில் அந்தக் கொக்கி மாட்டிக்கொள்ளும். இழுத்துக்கொண்டு பறக்க வலு வேண்டும். சின்னத் தேனீயால் அது ஆகாது. அதனால் இந்தச் செடியின் விதை பெரும்பாலும் இந்தக் கருவண்டின் கையில் இருக்கிறது. வண்டோ பட்ட மரத்தையும் காய்ந்த மூங்கிலையும் குடைந்து குடியிருப்பது. பட்ட மரத்தை எல்லாம் விறகுக்கு வெட்டி எடுத்துவிட்ட ஊரில் எருக்கு எப்படிக் காய்க்கும்?

இலையின் அடியில் வெந்தய வரியனின் முட்டை ஒன்று தனியாக ஒட்டியிருந்தது; இன்னோர் இலையில் அதன் புழு. கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வளையங்கள் போட்ட உடல், முதுகில் மூன்று இணை கறுப்புக் கொம்புகள். தின்பதற்கு முன் அது செய்யும் வேலையைப் பார்க்கக் கொடுத்துவைக்க வேண்டும். இலை நரம்பை முதலில் கடித்து வெட்டுகிறது. எருக்கம்பால் வழிந்து ஓய்கிறது. பால் வற்றிய பகுதியை அதன் பிறகே தின்னத் தொடங்குகிறது. அப்படியும் உடலில் சேரும் நஞ்சை அது வீணாக்குவதில்லை. சேர்த்து வைத்து, வண்ணத்துப்பூச்சியான பிறகும் சுமக்கிறது. ஒரு தடவை தின்று கக்கிய பறவை அந்தச் செம்மஞ்சள் இறக்கையை மறக்காது. அந்த நினைவின் பலத்தில் இன்னொரு இனமும் பிழைக்கிறது. நஞ்சே இல்லாத வேறொரு வண்ணத்துப்பூச்சியில் பெண் மட்டும் வெந்தய வரியனின் உடுப்பை அப்படியே உடுத்தியிருக்கிறது. அதன் ஆணோ கறுப்பு இறக்கையில் பெரிய வெள்ளைப் புள்ளிகளோடு வேறு எதையோ போலத் திரிகிறது. முட்டையைச் சுமப்பவளுக்குக் காவல் கூடுதலாக வேண்டியிருக்கிறது போலும்.

கிளைநுனியில் மஞ்சள் அசுவினிகள் மொய்த்திருந்தன. அவை கசியும் இனிப்பைக் குடிக்க எறும்புகள் ஏறி இறங்கின. அசுவினியைத் தின்னப் பொறிவண்டு ஒன்று வந்தது. மஞ்சளும் நீலப்பச்சையும் கோடுகளாகத் தீட்டிய எருக்கு வெட்டுக்கிளி தண்டைப் பிடித்துக்கொண்டு நகராமல் இருந்தது. இதன் குஞ்சைக் கையில் பிடித்தால் நஞ்சுநீரைப் பீய்ச்சும். ஒளிய வேண்டிய தேவையே அதற்கு இல்லை. செடியின் கீழே, எருக்கு நிழல் விழும் புழுதியில், குழியானைகளின் குழிகள். கிராமத்தில் வளர்ந்தவர்கள் எல்லோரும் குச்சியால் அந்தக் குழியைக் கிளறியிருப்போம். புழுதி சரிந்து, எறும்பு உருண்டு விழ, அடியில் புதைந்திருக்கும் இரட்டைத் தாடை அதைக் கவ்வும். மழை பெய்தால் இந்தக் குழி நிற்காது. வறட்சிதான் இதன் வேட்டைக்காலம்.

ஓடைக்கரையில் பச்சைப் பஞ்சுருட்டான்கள் வளை தோண்டிக்கொண்டிருந்தன. மண்சுவரில் அலகால் குத்தி, காலால் புழுதியைப் பின்னே தள்ளி, கை நீளத்துக்கும் மேலாகச் சுரங்கம் போடும் இந்தச் சின்னப் பறவையைப் பற்றி ஓர் ஆராய்ச்சி உண்டு. புணேயைச் சேர்ந்த மிலிந்த் வாட்வேயும் அவர் குழுவினரும் 2002-இல் வெளியிட்டது. ஆள் ஒருவர் நிற்கும் இடத்திலிருந்து தன் வளையின் வாய் தெரியும் என்றால் பஞ்சுருட்டான் உள்ளே போகத் தயங்குகிறது; அதே தூரத்தில் அவர் நின்றாலும், நிற்கும் இடத்திலிருந்து வளை தெரியாது என்றால் தயங்காமல் போகிறது. அதாவது, தான் காண்பதை மட்டும் அது கணக்கில் எடுப்பதில்லை. எதிராளியின் கண்ணுக்கு என்ன தெரியும் என்பதையும் எடைபோடுகிறது. இதைப் படித்ததிலிருந்து பறவை பார்க்கப் போகும் இடத்தில் எனக்குள் ஒரு கூச்சம் வந்துவிட்டது. அன்றும் அந்தப் பறவை அலகில் தட்டானோடு கம்பியில் உட்கார்ந்து எங்களையே பார்த்தது. நாங்கள் மேட்டின் மறுபக்கம் போனோம். கம்பி காலியானது.

எட்டு மணிக்கே வெயில் முதுகில் குத்தியது. கிளுவை வேலி ஓரமாக வெள்ளாடுகளை ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர், குனிந்தபடியே நடக்கும் எங்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன தம்பி தேடுறீங்க, காசு கீசு விழுந்துருச்சா?"

"இல்லீங்கய்யா, ஓணான் பாம்பு பூச்சி இதுகளப் பாக்க வந்தோம்."

"அதுக்கு வெயில்ல எதுக்குத் திரியிறீங்க? வேலிக்குள்ள பாருங்க, எல்லாம் அங்கதான் கெடக்கு."

அவர் சொன்னதுதான் சரி. கிளுவை அந்த மாதத்தில் இலையில்லாமல் முள்ளாக நின்றது. ஆனால் கோவைக்கொடியும் பிரண்டையும் ஊணாங்கொடியும் ஏறி வேலியைப் பச்சையாக வைத்திருந்தன. அவரே கம்பை நீட்டிக் காட்டினார்: கோவை இலைக்கு நடுவில் ஒரு பச்சோந்தி. முன்னும் பின்னும் தயங்கித் தயங்கி ஓர் அடி வைத்தது. ஒரு கண் எங்களையும் மறுகண் ஓர் ஈயையும் பார்த்தது. உடல் நீளத்தையும் மிஞ்சும் நாக்கு வெளியே வந்து திரும்பியதை நாங்கள் பார்த்தோமா, நினைத்துக்கொண்டோமா என்று இன்னும் எங்களுக்குள் வழக்கு இருக்கிறது; ஈ மட்டும் அங்கே இல்லை.

வேலியின் அடியில் சாரையின் சட்டை கிடந்தது. அதைப் பார்த்ததும் பெரியவர் ஆட்டை விட்டுவிட்டுக் கதை சொல்ல உட்கார்ந்தார். சித்திரை வைகாசியில் சாரையும் நல்லபாம்பும் பிணைந்து ஆளுயரம் எழுந்து நிற்குமாம். அதன்மேல் புது வேட்டியைப் போட்டு எடுத்து வைத்தால் வீட்டில் செல்வம் தங்குமாம். இவர் அப்பா போட்டிருக்கிறாராம். சாரையும் நல்லபாம்பும் வேறு வேறு இனம், இணைசேராது. அப்படிப் பிணைந்து எழுவது இரண்டு ஆண் சாரைகள். பெண்ணுக்காகவும் எல்லைக்காகவும் ஒன்றை ஒன்று தரையில் சாய்க்கப் பார்க்கும் மல்யுத்தம் அது. கடிப்பதும் கொல்வதும் அதில் இல்லை. இதை அவரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்தார். "ரெண்டும் ஒரே நெறந்தான், ஆமா" என்றார். கண்ணால் கண்டதை அவர் சரியாகவே கண்டிருந்தார்.

பாம்பைப் பற்றி எழுதும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்தார்கள் என்று 2020-இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் கிராமத்து உழைப்பாளிகள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கும் இந்தக் காட்டில் உண்டு. அதனால் கெட்டியான செருப்பும், கை வைக்குமுன் கண் வைப்பதும், கடி பட்டால் மந்திரிக்கப் போகாமல் அரசு மருத்துவமனைக்குப் போவதும் இப்படித் திரிகிறவர்களுக்குப் பாலபாடம். அந்தப் பயத்தில் அரணையையும் மண்ணுளியையும் பச்சைப்பாம்பையும் அடித்துக் கொல்வதுதான் என்னால் தாங்க முடியாதது. அரணை கடித்து யாரும் செத்ததில்லை. அதற்கு நஞ்சே கிடையாது.

கிளுவை வேலியைப் போட விதை வேண்டாம். மழைக்கு முன் போத்தை வெட்டி ஊன்றினால் துளிர்க்கும். காடைக்கும் கௌதாரிக்கும் கீரிக்கும் அது வீடு. வடக்கே அய்யலூர், கடவூர் பக்கத்து முள்காடுகளில் இரவில் பூச்சி தின்று வாழும் தேவாங்குக்காக 2022-இல் தமிழக அரசு 11,806 ஹெக்டேரில் சரணாலயம் அறிவித்தது. தேவாங்குக்கென்றே நாட்டில் அமைந்த முதல் சரணாலயம் அது. அந்தச் சின்ன விலங்கு தரையில் இறங்க விரும்பாது, கிளைவிட்டுக் கிளை பிடித்துத்தான் போகும். அதற்குக் காட்டைக் காட்டோடு இணைக்கும் பாதை, தோட்டங்களின் உயிர்வேலிதான். இப்போது கல்கால் ஊன்றிக் கம்பி கட்டுகிறார்கள். ஒரே நாளில் வேலை முடிகிறது, ஓர் அடி நிலமும் மிச்சமாகிறது. விவசாயியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை; வேலிக்கு விட்ட இடத்துக்கு யார் அவருக்குப் பணம் தருகிறார்கள்? ஆனால் ஒரு ஃபர்லாங் கிளுவையைப் பிடுங்கும்போது என்னென்ன பெயர்ந்து போகிறது என்று கணக்கு எடுப்பார் யாரும் இல்லை.

உச்சி வெயிலுக்கு நத்தம் தாண்டி காசம்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தோம். அழகர்மலைக் காட்டை ஒட்டி வீரகோவில் காடு இருக்கிறது. 4.97 ஹெக்டேர், அதாவது பன்னிரண்டு ஏக்கர் சொச்சம். 2025 மார்ச்சில் தமிழக அரசு இதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிக்கு 2022-இல் கிடைத்த அந்தத் தகுதி, மாநிலத்தில் இரண்டாவதாக இந்தக் காட்டுக்குக் கிடைத்தது. அரசு வருவதற்கு முன்பே சாமி காத்த காடு. சுள்ளி ஒடித்தாலும் சாமி கேட்கும் என்ற அச்சத்தில் இப்படி எத்தனையோ ஊர்களில் மரம் தப்பியிருக்கிறது.

வெளியே கண் கூசும் வெயில். உள்ளே சருகு மெத்தென்றிருந்தது. தடித்த கொடிகள் மரத்துக்கு மரம் பின்னி ஏறியிருந்தன. சில்வண்டு ஒன்று தொடங்க, காடே சேர்ந்து ஒலித்தது. நடந்து நெருங்கினால் அந்தப் பக்கம் மட்டும் நின்றுவிடும். குயில் ஒன்று மேலேயிருந்து ஏறு சுரத்தில் கூவிக்கொண்டே இருந்தது. மாரியிலும் முன்பனியிலும் வாய் திறக்காமல் இதே ஊரில்தான் இருந்தது அதுவும். காக்கை கூடு கட்டும் காலம் நெருங்கினால்தான் குயிலுக்குக் குரல் வரும். ஏனென்றால் முட்டை வைக்க அதற்குக் காக்கையின் கூடு வேண்டும். புள்ளி போட்ட பழுப்புப் பெண்குயில் ஓசையில்லாமல் ஓர் இலைமறைவில் இருந்தது. கறுப்பு ஆண்தான் கத்துகிறது.

இந்தக் காட்டைக் காத்ததற்காக அந்த ஊர் மக்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனாலும் அங்கே உட்கார்ந்திருந்தபோது மனம் காலையில் பார்த்த தரிசுக்கே போயிற்று. மரம் அடர்ந்த காடு என்றால் சாமியும் காக்கும், அரசும் காக்கும், நமக்கும் செருப்பைக் கழற்றத் தோன்றும். ஆட்காட்டி முட்டையிடும் சரளைக்காட்டுக்கு எந்தச் சாமி இருக்கிறது? மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலிருந்து வெளியிட்டுவரும் பாழ்நில வரைபடத் தொகுப்பில் முள்புதர் நிலமும் ஒரு வகைப் பாழ்நிலம்தான். பாழ் என்று எழுதிய பிறகு அதில் கல்குவாரி வரலாம், சூரியத் தகடு பதிக்கலாம், வண்ணக்கல் நட்டு பிளாட் போடலாம். மரம் நடுகிறோம் என்ற நல்லெண்ணத்தோடு குழி பறித்து அந்த ஓணானையும் ஆட்காட்டியையும் கூடத் துரத்தலாம். திறந்தவெளிதான் தங்கள் வீடு என்று பரிணமித்த உயிர்களுக்கு நம்முடைய மரக்கன்று உதவாது. இதைச் சொன்னால் மரத்துக்கு எதிரி என்கிறார்கள். மரத்தை நேசிப்பவன்தான் நானும். ஆனால் புல்லுக்கும் சரளைக்கும் உரிய இடத்தைப் பறித்து மரத்துக்குக் கொடுப்பதை ஏற்க முடியவில்லை.

மாலையில் திண்டுக்கல் திரும்பி மலைக்கோட்டையில் ஏறினோம். ஊருக்குப் பெயர் தந்த பாறை. மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் 1605-இல் கட்டத் தொடங்கிய கோட்டை. பின்னால் ஐதர் அலி, திப்பு, கும்பினி என்று கை மாறியது. படி ஏறுகிறவர்கள் பீரங்கியைப் பார்க்கவும் படம் எடுக்கவும் போகிறார்கள். சூடேறிய பாறையின் சரிவில், சுவர் நிழல் எட்டாத இடத்தில், பாறை ஓணான்கள் இருந்தன. பெண்ணும் குட்டியும் பாறை நிறம். கண்ணை ஓட்டினால் தெரியாது. ஆண் ஒன்று மட்டும் முகட்டில் தலையைத் தூக்கி நின்றது. முதுகு சிவப்பு, பக்கவாட்டு கறுப்பு. இன்னோர் ஆண் கீழிருந்து ஏறி வர, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிவப்பு வெளிறி மஞ்சளாயிற்று. கறுப்பு இடத்தில் செம்மஞ்சள் ஏறியது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இந்த ஓணான்களை ஆராய்ந்தவர்கள் இதை அளந்து சொல்லியிருக்கிறார்கள்: பெண்ணிடம் காட்டும் நிறச்சேர்க்கை வேறு, எதிரியிடம் காட்டுவது வேறு, மாற்றம் நொடிக் கணக்கில் நடக்கிறது. வந்த ஆண் தலையை ஆட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனது. சங்கத்துப் பாலைப் பாட்டுகளில் வேனிலில் நிறம் மாறும் முதிய ஆண் ஓந்தியைப் படித்திருக்கிறேன். பிரிவின் சூட்டுக்கு ஓர் அடையாளம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் கவிஞர் வெயிலில் நின்று, இதேபோல் ஓர் ஓணானை நெடுநேரம் பார்த்திருக்கிறார் என்பது அந்தப் பாறையில்தான் உறைத்தது.

மேலேயிருந்து பார்த்தால் நிலம் முழுக்கத் தெரிகிறது. கீழே நெருக்கியடித்த வீடுகள், கழிவால் நிலத்தடி நீரைக் கெடுத்த தோல் ஷாப்புகள் இருக்கும் திசை, மேற்கே பழனி மலையின் நீலம். தென்கிழக்கே சிறுமலை. அந்த மலையின் மண்ணுக்குள் எங்கள் ஊர்ப் பெயரையே தன் அறிவியல் பெயராகக் கொண்ட ஒரு பாம்பு இருக்கிறது. சென்னை மாகாண வனத்துறையில் இருந்த கர்னல் பெடோம் 1877-இல் விவரித்த கேடயவால் பாம்பு. மண்ணைத் துளைத்து மண்புழு தின்று வாழ்வது, நஞ்சில்லாதது, சிறுமலை தவிர வேறெங்கும் இல்லாதது. மண் காய்ந்த பங்குனியில் ஆழத்தில் ஈரத்தைத் தேடிப் போயிருக்கும். பூட்டுக்கும் பிரியாணிக்கும் இந்த ஊரைத் தெரிந்த அளவுக்கு இந்தப் பாம்புக்காகவும் தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை.

அந்த ஆசைக்குச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அது மக்களோடு உட்கார்ந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். வீரகோவில் காடு போன்ற இடங்களுக்குச் சாமியின் பெயரும் அரசாணையும் இருக்கின்றன. கிளுவை வேலிக்கும், எருக்கு நிற்கும் சரளைக்காட்டுக்கும், பஞ்சுருட்டான் குடையும் ஓடைக்கரைக்கும் இந்தப் பதிவேடு ஒன்றுதான் உண்டு. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கிராமசபை கூடுகிறது. பங்குனி பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். ஆட்காட்டி முட்டைமேல் உட்கார்ந்திருக்கும் நேரம். ஆடு மேய்க்கும் அந்தப் பெரியவரைக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்காரவைத்துக் கேட்டால், எவர் காட்டு வரப்பில் உடும்பு வளை இருக்கிறது, எந்த வேலியில் தேவாங்கு கண் மின்னுகிறது, எந்தத் தரிசை இந்த வருடம் உழாமல் விட வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். எழுதிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.